தேங்கிய நீர்

ஈசூனில் பதினோராம் மாடி.
துணி துவைக்கும் இயந்திரத்தின் தலைமேல்
பழைய நாளிதழ் விரித்தால்
அதுதான் என் பட்டறை.

ஏ புட்டியில் இரண்டு பங்கு,
பி புட்டியில் ஒரு பங்கு.
மெதுவாகக் கிண்டவும் என்கிறது பெட்டிக்குள் இருந்த தாள்.
எவ்வளவு மெதுவாக என்று சொல்லவில்லை.
நான் நான்கு நிமிடம் கிண்டுவேன்,
கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ
லாரியைப் பின்னால் எடுக்கும் பீப் பீப்புக்குத்
தாளம் தப்பாமல்.

கூடவே வந்த அச்சில் இருந்தது
சிறகு முளைத்த ஏதோ அயலூர் நாகம்.
எனக்கு அது ஒட்டவில்லை.
சிறகைச் சீவி எறிந்தேன்,
களிமண்ணில் துதிக்கை உருட்டி வைத்தேன்,
புது அச்சு எடுத்தேன்.
கட்டைவிரல் நகத்தளவு யாளி.
கோயில் தூண் யாளிகளுக்குத்
தாகம் எடுத்து நான் பார்த்ததில்லை.
இது குனிந்து நீர் குடிக்கும் யாளி.

குடிக்க ஒரு குளம் வேண்டுமே.
கோப்பிக் கடைக் குவளையின் மூடியில்
ரெசின் ஊற்றி, நீல மை ஒன்றரைச் சொட்டு.
அரைச் சொட்டை எப்படி விடுவது என்று கேட்காதீர்கள்,
பல்குச்சிக்குத் தெரியும்.

இந்த ஊர் ஈரத்தில்
மூன்று குளங்கள் பிசுபிசுத்தே செத்தன.
நான்காவதைப் படுக்கையறையில் வைத்துக்
குளிர்சாதனம் போட்டேன்.
பேருந்து ஓட்டிவிட்டு ஒரு மணிக்கு வந்த அறவாழி
தன் தலையணைப் பக்கம் குளம் கிடக்கக் கண்டு
ஒன்றும் சொல்லாமல் கூடத்தில் போய்ப் படுத்தான்.
விடிந்ததும் கேட்டான்:
“இறுகிடுச்சா?”

இறுகியிருந்தது. ஒரு குமிழி இல்லை.
ஆனால் நட்டநடுவில்
காலில் வெள்ளை வரியோடு ஒரு கொசு.

குடைந்தெடுக்க ஊசியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
அளவு சரியாக இருந்தது.
அந்த யாளிக்கு அது ஒரு நாரை.

புளோக்குக்குக் கீழே சிவப்புப் பதாகை கட்டிய வாரம்,
செவ்வாய்க்கிழமை, கதவு தட்டப்பட்டது.
கையில் டார்ச், கழுத்தில் அட்டை, பெயர் ஹஃபீஸ்.
டெங்கிச் சோதனை, ஆன்ட்டி.
ஆன்ட்டியை மன்னித்து உள்ளே விட்டேன்.
குளியலறை, வாளி, மூங்கில் கழி செருகும் குழாய்
எல்லாம் எட்டிப் பார்த்தவன்
பட்டறையில் நின்றான்.
குளம் இருந்தது. குளத்தில் கொசு இருந்தது.
ஒரு கணம் அவன் முகத்தில்
அபராதச் சீட்டு தெரிந்தது.

“தொட்டுப் பார்,” என்றேன்.
விரலால் தட்டினான்.
டொக்.

மறுபடி தட்டினான்.
பிறகு மண்டியிட்டு
பக்கவாட்டில் வெளிச்சத்தைச் செலுத்தினான்.
நீலம் சுவரேறியது.
அறவாழியின் சீருடை, துணிக்கொடி, கூரை
எல்லாம் அலையடித்தது.
மின்விசிறி அளவுக்கு வளர்ந்த யாளி
துதிக்கையை ஆட்டியது,
அல்லது அவன் கை நடுங்கியது.
அடுத்த வீட்டுக் குக்கர் மூன்று விசில் போடும்வரை
யாரும் பேசவில்லை.

தேங்கிய நீர்: இல்லை
என்று படிவத்தில் குறித்தான்.
செருப்பு மாட்டும்போது கேட்டான்,
கொசு இருந்தால் விலை கூடவா, குறைச்சலா?

அவன் போன பிறகுதான் பார்த்தேன்.
மணிபிளான்ட் தொட்டியின் அடித்தட்டில்
சுண்டுவிரல் ஆழம் நிஜத் தண்ணீர்.
அவன் டார்ச் அங்கே வரவேயில்லை.

உருப்பெருக்கி விளக்கை இழுத்துக் குனிந்தேன்.
ஏழு, இல்லை, ஒன்பது.
தலைகீழாகத் தொங்கி வாலால் மூச்சு வாங்கி
என் நிழல் பட்டதும் சுழித்து ஆழம் போகிற
கண்ணாடி உடம்பு நாகங்கள்.
எந்தக் கடையிலும் இந்த அச்சு இல்லை.

ஒரு நிமிடம் பார்த்தேன்.
சரி, உண்மையைச் சொல்கிறேன், நான்கு நிமிடம்.
பிறகு கொட்டினேன். கொதிநீர் விட்டுத் தேய்த்தேன்.
தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

இரவு அறவாழி
இயந்திரத்தின் மேல் இருந்த களிமண்ணைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
“இது என்ன, வால்ல கொம்பு?”

“மூச்சுக்குழல்,” என்றேன்.